ஆறு பேர், ஒரு குலதெய்வம் கோயில், மழைக்கால எண்ணூர் சாலை: எந்த எஸ்யூவி?

எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. நான், என் கணவர், பன்னிரண்டு வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமா, அத்தை என்று ஆறு பேர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்களிடம் ஒரு சின்ன கார் இருந்தது. தெருவில் தண்ணீர் ஏறி சீட் வரைக்கும் வந்தது. வடிவதற்கு இரண்டு நாள் ஆனது. வடிந்ததும் என் கணவர் முதலில் செய்தது, சாவியைப் போட்டு ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்ததுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்திருக்கிறது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வந்த பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. இன்சூரன்ஸில் கேட்டோம். தண்ணீர் ஏறிய வண்டியை ஸ்டார்ட் பண்ணியதால் வந்த சேதம், சாதாரண பாலிசியில் சேராது என்றார்கள். கடைசியில் வந்த விலைக்குக் கொடுத்தோம்.

அதிலிருந்து ஸ்கூட்டரும் ஆட்டோவும்தான். இப்போது மறுபடியும் கார் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்ந்திருக்கிறது. இந்த முறை மண்ணிலும் தண்ணீரிலும் போகக்கூடிய வண்டியாகவே இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். “ஏம்மா, நாம என்ன மலையா ஏறப் போறோம்?” என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு நான்கு மாதம் ஷோரூம் ஷோரூமாகப் போய் வந்தேன். போன இடங்களுக்கெல்லாம் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வண்டிக்குள் ஏறும்போது அவர் முகத்தைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டது நிறைய.

நமக்கு எதற்கு ஆஃப்-ரோடு வண்டி?

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை விடாமல் பெய்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூடிவிடும். கொருக்குப்பேட்டை, எர்ணாவூர் பக்கமெல்லாம் எங்கே ரோடு முடிகிறது, எங்கே கால்வாய் தொடங்குகிறது என்றே தெரியாது. மழை இல்லாத நாளிலும் எண்ணூர் விரைவுச்சாலையும் மணலி விரைவுச்சாலையும் கன்டெய்னர் லாரிகளின் சாலைதான். அந்த எடையில் தார் அலை அலையாகப் புடைத்து, ஓரம் அரித்து, பள்ளமாகக் கிடக்கும். என் கணவருக்குக் காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கம் வேலை. போக வர நாற்பது கிலோமீட்டர், பெரும்பகுதி இதே மாதிரி சாலை.

மூன்றாவது காரணம் எங்கள் வீட்டுக்கே உரியது. எங்கள் குலதெய்வம் கோயில் செங்கம் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. தார் ரோடு முடிந்து நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை, நடுவில் ஒரு ஓடை. ஆடியில் பொங்கல் வைக்கப் போகும்போது மழை பெய்திருந்தால் டிராக்டர் சக்கரம் போன தடத்தில் சின்ன கார் வயிறு தட்டி உட்கார்ந்துவிடும். இரண்டு முறை அப்படி உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். மூன்று வருஷமாக அத்தை தார் ரோட்டிலேயே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, நாங்கள் கொண்டுவரும் விபூதியை வாங்கிக்கொள்கிறார். அவரைச் சன்னதி வாசலில் இறக்கிவிட வேண்டும் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம்.

கண்ணுக்கு எஸ்யூவி, சக்கரத்துக்கு?

கடையில் எஸ்யூவி என்று எழுதி விற்பதில் பெரும்பாலானவை முன்சக்கரம் மட்டும் சுற்றும் சாதாரண கார்கள். உயரமாக இருக்கும், முரட்டு முகம் இருக்கும், அவ்வளவுதான். உண்மையாக மண்ணில் போவதற்கு நான்கு சக்கரத்துக்கும் இழுவை வேண்டும். அதோடு லோ ரேஞ்ச் என்று சொல்லும் மெதுவான, வலுவான கியர் வேண்டும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் மற்ற சக்கரத்துக்கு வலு போகிற மாதிரி டிஃபரன்ஷியல் லாக்கோ, சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் போட்டுப் பிடிக்கும் ஏற்பாடோ வேண்டும்.

அடியில் இருக்கும் சட்டத்தைப் பற்றி மாமாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் எண்ணூரில் லாரி கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். 1948ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, ஆஸ்டின் கார் பூட்டிய காலத்திலிருந்தே அந்தத் தொழிற்சாலை எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. திருவொற்றியூரில் 1955லிருந்து என்ஃபீல்டு. வண்டியைப் பற்றிப் பேச இங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை. “ரெண்டு நீள இரும்பு, குறுக்கே படி படியா இரும்பு, ஏணி மாதிரி. லாரிக்கு அதான் முதுகெலும்பு” என்று மாமா தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார். அதுதான் லேடர் ஃபிரேம். உடம்பு தனி, சட்டம் தனி. பள்ளத்தில் வண்டி முறுக்கிக்கொள்ளும்போது அந்தச் சுமையைச் சட்டம் வாங்கிக்கொள்ளும். பதிலுக்கு எடை கூடும், நல்ல சாலையிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். நான் கடைசி வரை பார்த்த நான்கு வண்டிகளும் இந்த ஏணிச் சட்டத்தில் செய்தவைதான்: மகிந்திரா ஸ்கார்பியோ-என், மகிந்திரா தார் ராக்ஸ், ஃபோர்ஸ் கூர்க்கா ஐந்து கதவு, மாருதி ஜிம்னி.

டாடா சஃபாரி ஏன் இல்லை என்று மாமாவே கேட்டார். 1998ல் வந்த பழைய சஃபாரியில் ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கர இழுவை இருந்தது, அது அவர் மனதில் பதிந்துவிட்டது. 2021ல் வந்த புது சஃபாரி முன்சக்கர வண்டி. 2023ல் குளோபல் என்கேப் என்னும் மோதல் பாதுகாப்புச் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஐந்து நட்சத்திரம் வாங்கியது, உள்ளே இடமும் தாராளம். மண் பாதை வேண்டாம் என்கிற குடும்பத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். எங்கள் ஓடைக்கு அது சரிவராது. டொயோட்டா ஃபார்ச்சூனரும், வடக்கே ஸ்ரீசிட்டியில் ஆலை வைத்திருக்கும் இசுசுவின் எம்யூ-எக்ஸும் நல்ல வண்டிகள். எங்கள் கைக்கு எட்டாத விலை. டாடா ஹாரியரின் மின்வண்டியில் 2025லிருந்து இரண்டு மோட்டார் வைத்து நான்கு சக்கர இழுவை தருகிறார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் மிக்ஜாமின்போது எங்கள் தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, வீட்டு வாசலில் சார்ஜ் போட இடமும் இல்லை.

சீக்கிரமே விலகிய இரண்டு

ஜிம்னி என் மனதுக்கு மிகவும் பிடித்த வண்டி. 1,645 மி.மீ. அகலம், நீளம் 4 மீட்டருக்குள். ஸ்கார்பியோ-என்னோடு ஒப்பிட்டால் அகலத்தில் 27 சென்டிமீட்டர் குறைவு. ராயபுரம், காசிமேடு சந்துகளில் வீடு உள்ளவர்களுக்கு அந்த 27 சென்டிமீட்டர்தான் கார் வைத்துக்கொள்ள முடியுமா முடியாதா என்பதையே முடிவு செய்யும். எடை 1,200 கிலோ அளவுதான், அதனால் சேற்றில் சுலபமாகப் புதையாது. 210 மி.மீ. தரை இடைவெளி, லோ ரேஞ்ச், நான்கு சக்கர இழுவை எல்லாம் கீழ் வகையிலிருந்தே உண்டு. ஆனால் நான்கே சீட். பின்னால் சாமான் வைக்க 208 லிட்டர். எங்கள் ஆறு பேரில் யாரை விட்டுவிட்டுப் போவது? கணவன், மனைவி, ஒரு குழந்தை என்ற குடும்பமாக இருந்தால் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திவிட்டு ஜிம்னியைப் போய்ப் பாருங்கள். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ் (குதிரைத்திறன்). ஹைவேயில் லாரியைத் தாண்டும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும், அது ஒன்றுதான் குறை.

கூர்க்கா நேர் எதிர். தண்ணீருக்கென்றே செய்த மாதிரி வண்டி. 700 மி.மீ. ஆழம் வரை போகும் என்று கம்பெனியே சொல்கிறது. காற்று உறிஞ்சும் குழாய், ஸ்நார்க்கல் என்பார்கள், கண்ணாடி ஓரமாக மேலே தூக்கி வைத்தே வருகிறது. 233 மி.மீ. தரை இடைவெளி. முன்னாலும் பின்னாலும் டிஃபரன்ஷியல் லாக். மெர்சிடிஸ் வழியில் வந்த 2.6 லிட்டர் டீசல் இன்ஜின், 140 பிஎஸ், இழுக்கும் முறுக்குவிசை 320 நியூட்டன் மீட்டர். ஏழு பேர் உட்காரலாம். 2024 மே மாதம் வந்தபோது 18 லட்சம் ஷோரூம் விலை.

இவ்வளவு இருந்தும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. கடைசி வரிசைக்குப் பின்கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். நடு வரிசைக்கு அத்தை ஏறப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்து, மேலே கைப்பிடியைப் பிடித்து, அப்படியே நின்றுவிட்டார். “வேணாம்மா” என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது. நானும் ஓட்ட வேண்டிய வண்டி, காலை நேரத்து மணலி நெரிசலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே இருப்பது முடியாத காரியம். இரண்டு ஏர்பேக்தான். உயரம் 2,095 மி.மீ. அடுக்குமாடி, மால் பேஸ்மென்ட் வாசலில் 2.1 மீட்டர் என்று கம்பி தொங்கினால், அதற்கும் வண்டிக்கும் நடுவில் அரை சென்டிமீட்டர்தான் இருக்கும். காடு மலை சுற்றும் நண்பர்கள் கூட்டத்துக்கு இதைவிட நேர்மையான வண்டி இந்த விலையில் இல்லை என்பேன். முழங்கால் வலிக்காரர் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

ராக்ஸா, ஸ்கார்பியோ-என்னா?

இங்கேதான் எனக்கு மூன்று மாதம் போனது. ஒரே கம்பெனி, ஒரே 2.2 லிட்டர் டீசல் குடும்பம், இரண்டிலும் பெட்ரோலும் உண்டு. ஆனால் நான்கு சக்கர இழுவை வேண்டுமென்றால் இரண்டிலும் டீசல்தான். இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் என்று விலை சொல்லி உட்கார வைப்பார். அது பின்சக்கர வண்டி.

டீசல் என்றதும் இன்னொரு விஷயம். பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட தூரம் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அந்தக் கரி தானாக எரிந்து சுத்தமாகும். பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில் என்று தினம் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். எங்களுக்குக் காட்டுப்பள்ளி ஓட்டம் இருக்கிறது, அது போதும். உங்கள் வண்டி தண்டையார்பேட்டையை விட்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் வெளியே போகும் என்றால், ஃபோர் பை ஃபோர் ஆசையை மறுபடியும் யோசியுங்கள்.

தார் ராக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்தது. மூன்று கதவுத் தாரில் பின்னால் உட்காருவதே தண்டனை. ராக்ஸில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே (வீல்பேஸ்) 2,850 மி.மீ., பின்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், சாய்மானத்தையும் சாய்த்துக்கொள்ளலாம். பின்னால் 447 லிட்டர் இடம். பொங்கல் பானை, அரிசி, விறகு எல்லாம் அடங்கும். தண்ணீரில் 650 மி.மீ. வரை. மூக்கோ வாலோ இடிக்காமல் ஏறி இறங்கக்கூடிய சரிவு, முன்கோணம் 41.7 டிகிரி, பின்கோணம் 36.1. எங்கள் ஓடையின் கரையில் மூக்கு இடிக்காது. நம் நாட்டு மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம், பெரியவர்கள் பாதுகாப்பில் 32க்கு 31.09, குழந்தைகள் பாதுகாப்பில் 49க்கு 45. ஆறு ஏர்பேக் எல்லா வகையிலும் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த எண்களைத் தாண்டிப் போவது சுலபமில்லை. நானும் தாண்ட முடியாமல்தான் தவித்தேன்.

ஸ்கார்பியோ-என் 2022 ஜூனில் வந்தது. அதை உருவாக்கிய வேலையில் பெரும்பகுதி செங்கல்பட்டு பக்கத்தில், அதே கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்தது. 4,662 மி.மீ. நீளம், 1,917 அகலம். ராக்ஸைவிட 23 சென்டிமீட்டர் நீளம் கூடுதல். குளோபல் என்கேப்பில் 2022 டிசம்பரில் பெரியவர்களுக்கு ஐந்து நட்சத்திரம், 34க்கு 29.25, குழந்தைகளுக்கு மூன்று நட்சத்திரம், 49க்கு 28.93. இரண்டு சோதனைகளும் ஒன்றல்ல, எண்ணுக்கு எண் வைத்துப் பார்க்கக் கூடாது. ஆனாலும் அந்த மூன்று நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு நான் ஒரு வாரம் ஸ்கார்பியோவைப் பற்றிப் பேசவே இல்லை. கீழ் வகைகளில் இரண்டு ஏர்பேக் மட்டும் வைத்து விற்றிருக்கிறார்கள். அதனால் எந்த வகை எடுத்தாலும் ஏர்பேக் எத்தனை என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்திலும் ஸ்கார்பியோ பின்னால்தான். 500 மி.மீ. அது ஏறக்குறைய என் முழங்கால் உயரம். ராக்ஸுக்கு அதைவிட ஆறு அங்குலம் கூடுதல். பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு அந்த ஆறு அங்குலம் தேவைப்படுமா என்று நானும் கணவரும் ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோம். 2015ம் 2023ம் இரண்டு பேருக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த நாட்களில் எங்கள் தெருவில் போனது படகுதான். இடுப்புத் தண்ணீரில் எந்த வண்டியும் போகக் கூடாது, கூர்க்காவும் போகக் கூடாது. ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே காரைத் தள்ளிக்கொண்டு போகும். அடியில் மழைநீர்க் கால்வாய் மூடி திறந்து கிடந்தால் சக்கரம் உள்ளே இறங்கும், எந்த லாக்கும் உதவாது. கம்பெனி சொல்லும் ஆழம் நின்ற தண்ணீருக்கும், தெரிந்த பாதைக்கும், மெதுவான வேகத்துக்கும் சொன்னது. வருஷா வருஷம் எங்களுக்கு வருவது கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் நிற்கும் மழைத் தண்ணீர். அதற்கு இரண்டு வண்டியுமே போதும்.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். போன வருஷக் காலண்டரை எடுத்து, ஆறு பேரும் ஒன்றாக எங்கேயாவது போன நாட்களை எண்ணினேன். குலதெய்வம், இரண்டு கல்யாணம், பெரியபாளையம், சிறுவாபுரி, பழவேற்காட்டில் அத்தையின் தங்கை வீடு. மொத்தம் பதினோரு நாள். பதினோரு நாளுக்காக ஏழு சீட்டா என்று முதலில் தோன்றியது. கணக்கைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பதினோரு நாளில் இன்னொரு வண்டி வாடகைக்கு எடுத்தோம், அல்லது மாமாவும் அத்தையும் வரவில்லை. பெரும்பாலும் வராமல் இருந்தது அவர்கள்தான். ஐந்து சீட் வண்டி வாங்கினால் இனிமேலும் வராமல் இருக்கப் போவதும் அவர்கள்தான். குலதெய்வம் கோயில் வாசலில் அத்தையை இறக்க வண்டி வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு, மாமாவை வீட்டில் விட்டுவிட்டா போவது?

ஐந்து சீட்டே உள்ள ராக்ஸ் விலகியது அங்கேதான்.

அத்தை ஏறிப் பார்த்ததில், ராக்ஸ் கொஞ்சம் கஷ்டம், ஸ்கார்பியோ கொஞ்சம் சுலபம். இரண்டுக்குமே கீழே ஒரு படி வேண்டும். ஓட்டிப் பார்த்தபோது எண்ணூர் சாலையின் அலைகளில் ராக்ஸ் பின்சீட்டில் குலுக்கல் அதிகம் தெரிந்தது. ஸ்கார்பியோ நடு வரிசையில் அத்தை பேச்சை நிறுத்தாமல் வந்தார், எனக்கு அதுவே சான்று. ஸ்கார்பியோவின் குறையையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வரிசை குழந்தைகளுக்கும் ஒல்லியானவர்களுக்கும்தான். அதற்கென்று தனி ஏசி வாய் கிடையாது. மே மாத மதியத்தில் பின்னால் உட்காரும் பிள்ளைகளுக்குக் காற்று போய்ச் சேர நேரம் ஆகும். அந்த வரிசையை நிமிர்த்தி வைத்தால் பின்னால் இரண்டு பைக்கு மேல் இடமில்லை. எங்கள் பொங்கல் பானை கூரைக் கம்பிமேல்தான் போக வேண்டும்.

டயர் அளவையும் கவனித்து வாங்குங்கள், கன்டெய்னர் சாலையில் இது பெரிய விஷயம். டயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குப் பள்ளத்தின் அடியை வாங்கும். ராக்ஸில் 255/65 அளவில் 18 அங்குலச் சக்கரமும், மேல் வகையில் 255/60 அளவில் 19 அங்குலமும் வருகிறது. முதல் எண் டயரின் அகலம் மி.மீட்டரில், அடுத்தது அதில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. 255ல் 65 சதவீதம் 166 மி.மீ., 60 சதவீதம் 153. பெரிய சக்கரம் பார்க்க அழகு, ஆனால் ஒன்றேகால் சென்டிமீட்டர் ரப்பர் போய்விடுகிறது. ஸ்கார்பியோவில் 17 அங்குலத்துக்கு 245/65, 18க்கு 255/60. அங்கேயும் சின்ன சக்கரத்தில்தான் ரப்பர் கூட.

ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்பதை யாருமே கேட்பதில்லை. ராக்ஸ், கூர்க்கா, ஜிம்னி மூன்றிலும் பின்கதவில் தொங்குகிறது. ஸ்கார்பியோவில் வண்டிக்கு அடியில். சேற்றில் பஞ்சர் ஆனால் அடியில் படுத்துத்தான் எடுக்க வேண்டும். நான்கு வண்டியிலும் பின்கதவு பக்கவாட்டில் திறப்பது. எங்கள் சந்தில் பின்னால் சுவரை ஒட்டி நிறுத்தினால் கதவே திறக்காது. கணவர் டேப் எடுத்து அளந்து, மூக்கை உள்ளே விட்டு நிறுத்துவது என்று முடிவு செய்தோம்.

பணக் கணக்கு

2025 செப்டம்பர் 22லிருந்து பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் 28 சதவீதமும் அதன்மேல் 22 சதவீத செஸ்ஸுமாக 50. ஜிம்னி 4 மீட்டருக்குள் இருந்தாலும் இன்ஜின் 1,200 சிசிக்கு மேல் என்பதால் அதற்கும் 40தான், முன்னால் 45. அதனால் பழைய விலைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

நம் ஊரில் இன்னொரு கோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது காருக்கு ஆயுள் வரி, 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். பத்தொன்பதரை லட்சத்து வண்டிக்கு வரி 3 லட்சத்து 51 ஆயிரம். இருபதரை லட்சத்துக்கு 4 லட்சத்து 10 ஆயிரம். வண்டியின் விலை ஒரு லட்சம்தான் கூடுகிறது, கையிலிருந்து போவது ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஒலிபெருக்கி, கூரைக் கண்ணாடி என்று ஒரு படி மேல் வகைக்குத் தூக்கிவிடும்போது இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்க முடிந்தால், மிச்சமாகும் பணத்தில் மூன்று செலவு செய்யச் சொல்வேன். பக்கத்தில் நல்ல படி, அடிச்சட்டத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு, இன்ஜின் பாதுகாப்புச் சேர்ப்போடு இன்சூரன்ஸ்.

துரு பற்றி எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் சொன்னது: “கடல் காத்துல ஏணிச் சட்டம்தான் முதல்ல அரிக்கும். மேல பாலிஷ் போடுறவன் அடியில குனிஞ்சு பாக்க மாட்டான்.” எண்ணூர்ப் பக்கம் ஐந்து வருஷம் ஓடிய வண்டிகளின் அடியை அவர் எனக்கு லிஃப்ட்டில் ஏற்றிக் காட்டினார். சட்டத்தின் மூலைகளில் சேறு தங்கி, உப்பும் சேர்ந்து, ஓடு ஓடாக உரிந்திருந்தது. வெள்ளத் தண்ணீரில் போய் வந்தாலும், மணலில் போய் வந்தாலும் அன்றைக்கே அடியை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

மணல் என்றதும் பெரியவன் கேட்டான், “அம்மா, நாம பீச்சுல ஓட்டலாமா?” வேண்டாம் கண்ணா என்றேன். கரையில் வலை காயும், ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். வருஷத் தொடக்கத்து மாதங்களில் ஆமைகள் வந்து முட்டையிட்டுப் புதைத்திருக்கும், சக்கரத்துக்கு அது தெரியாது. ஃபோர் பை ஃபோர் வாங்குகிறவர்கள் எல்லோரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கார்பியோ-என் டீசல் ஃபோர் பை ஃபோர், ஆட்டோமேட்டிக், ஏழு சீட் பதிவு செய்திருக்கிறோம். குழந்தைகள் பாதுகாப்பு மதிப்பெண் எனக்கு இன்னும் உறுத்துகிறது. சின்னவளுக்குப் பூஸ்டர் சீட் வாங்கி நடு வரிசையில், அத்தைக்குப் பக்கத்தில் போடப் போகிறேன். கடைசி வரிசையில் பெரியவன், அவன் பக்கத்தில் மாறி மாறி நாங்கள் யாராவது. உங்கள் வீட்டில் நான்கு ஐந்து பேர்தான் என்றால் என் முடிவை எடுத்துக்கொள்ளாதீர்கள். யோசிக்காமல் ராக்ஸ் வாங்குங்கள். வண்டி ஆடிக்கு முன்னால் கைக்கு வரும் என்கிறார்கள். இன்சூரன்ஸ் தாளில் இன்ஜின் பாதுகாப்பு என்ற வரி இருக்கிறதா என்று கணவர் இப்போதே இரண்டு முறை கேட்டுவிட்டார். தண்ணீர் ஏறினால் சாவியைத் தொடாமல் டோவிங் வண்டியைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, சாவி மாட்டும் ஆணியிலேயே தொங்கவிட்டிருக்கிறார்.